நிலா ஒரு கண்ணாடியாக இருந்திருந்தால்

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளியைத்தான் அது எதிரொளிக்கிறது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரி, எப்படி எதிரொளிக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "கண்ணாடி மாதிரி." பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எதிரொளிப்புப் பாடத்தைத் திறந்தால் முதலில் நிற்பது ஒரு சமதளக் கண்ணாடி. அதன்மேல் சாய்வாக விழும் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சாய்ந்து போகும் இன்னொரு கோடு, நடுவில் புள்ளி வைத்து இழுத்த செங்குத்துக்கோடு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இந்தப் படம் மனதில் ஏறிவிட்டால் எதிரொளிப்பு என்பதே கண்ணாடியின் வேலை என்று ஆகிவிடுகிறது. வானத்தில் இருப்பதும் ஒரு வட்டக் கண்ணாடிதான் என்று முடிவுகட்ட அதிக நேரம் ஆகாது. ஆனால் நிலா கண்ணாடி இல்லை. கண்ணாடியாக இருந்திருந்தால் பௌர்ணமி இருந்திருக்காது, பிறையும் இருந்திருக்காது. மொட்டைமாடியில் நின்றபடி, எந்தக் கருவியும் இல்லாமல், இதை யோசித்தே நிரூபித்துவிடலாம். எதிரொளிப்புப் பாடத்தைக் கண்ணாடியில் தொடங்குவதைவிட நிலாவில் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். மறுப்புகளையும் விட்டுவிடாமல் பார்ப்போம்.

முதலில் ஒளியின் பயணம். சூரியனிலிருந்து கிளம்பும் ஒளி ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடியில் நிலாத் தரையைத் தொடுகிறது. அங்கிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தாண்டி நம் கண்ணுக்கு வர 1.3 விநாடி போதும். விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகம், வழியெங்கும் நேர்கோடு. இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. நள்ளிரவில் அண்ணாந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரிகிறதே வானம், அங்கே வெளிச்சம் இல்லாமல் இல்லை. பூமியின் நிழல் போகப்போக ஒடுங்கும் ஒரு கூம்பு மட்டுமே. அந்தக் கூம்புக்கு வெளியே எல்லாத் திசையிலும் சூரிய ஒளி பாய்ந்துகொண்டே இருக்கிறது. நமக்குத் தெரியாததற்குக் காரணம், அது நம் கண்ணை நோக்கி வரவில்லை, நம்மைக் கடந்து போகிறது என்பதுதான். கண்ணுக்குள் நுழைந்தால்தான் ஒளி தெரியும். அந்த வெள்ளத்தின் நடுவே நிலா என்ற ஒரு தடுப்பு நிற்கிறது. தன்மேல் விழுந்த ஒளியில் ஒரு பகுதியை நம் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆகவே நிலாவைப் பற்றிய முழுக் கேள்வியும் இந்தத் திருப்புதல் எப்படி நடக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

1632இல் ஃபுளோரன்ஸில் வெளிவந்த தன் உரையாடல் நூலில் கலிலியோ இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அதில் மூன்று பேர் பேசிக்கொள்வார்கள். சால்வியாத்தி கலிலியோவின் தரப்பு, சிம்ப்ளிச்சியோ அரிஸ்டாட்டிலின் தரப்பு, சாக்ரெதோ நடுவில் நின்று கேட்பவர். நிலா கண்ணாடியைப் போல வழவழப்பாக இருப்பதால்தான் பளிச்சென்று ஒளிர்கிறது என்கிறார் சிம்ப்ளிச்சியோ. சால்வியாத்தி வாதாடவில்லை. வெயில் படும் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டச் சொல்லி, இரண்டில் எது பிரகாசமாகத் தெரிகிறது என்று மட்டும் கேட்கிறார். சுவர்தான். கண்ணாடி இருண்டு கிடக்கிறது. சிம்ப்ளிச்சியோ அதற்கும் மடங்கவில்லை. கண்ணாடியிலிருந்து கிளம்பிய வெளிச்சம் எதிரே ஓரிடத்தில் கண் கூசும்படி விழுகிறதே, அது சுவரின் வெளிச்சத்தைவிட வலுவானதாயிற்றே என்கிறார். உண்மைதான். ஆனால் அந்த ஓரிடத்தில் மட்டும்தான். அங்கே நிற்பவருக்குக் கண்ணாடிக்குள் சூரியனே தெரியும். மற்ற எல்லோருக்கும் அது வெறும் கறுப்புச் சதுரம். சுவரோ எங்கே நின்று பார்த்தாலும் வெளிச்சமாக இருக்கிறது. நமக்குத் தெரிந்த இடத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். திரையரங்கில் வெண்திரைக்குப் பதிலாக அதே அளவுக்கு ஒரு கண்ணாடியை நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? ஒரு சிலர் கண்ணில் புரொஜக்டரின் விளக்கு நேராகக் குத்தும், மற்றவர்கள் கண்ணாடிக்குள் அரங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், படம் ஒருவருக்கும் தெரியாது. முதல் வரிசையில் இருப்பவரும் கடைசி வரிசையில் இருப்பவரும் ஒரே காட்சியைப் பார்க்க முடிவது, திரையின் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த ஒளியை எல்லாப் பக்கமும் இறைப்பதால்தான்.

சுவரும் திரையும் தட்டை, நிலா உருண்டை, எனவே உருண்டைக் கண்ணாடியின் கதை வேறாக இருக்கலாமே என்று கேட்கலாம். கணக்கே போட்டுவிடுவோம். நிலாவின் ஆரம் 1,737 கிலோமீட்டர். அதை மெருகேற்றி ஒரு பெரிய குவி ஆடியாக்கிவிட்டால், அதன் குவியத்தூரம் ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 870 கிலோமீட்டர். சூரியன் நமக்கு அரை பாகை அகலத்தில் தெரிகிறது. இந்த ஆடியில் அதன் பிம்பம் 8 கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பூமியிலிருந்து பார்த்தால் இது வியாழன் கோளின் வட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. வியாழனே நம் வெறுங்கண்ணுக்குப் புள்ளிதான் என்றால் இது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வட்டநிலா இருக்காது, கண்ணைக் குத்தும் ஒரே ஒரு புள்ளி இருக்கும், சுற்றிலும் கறுப்பு. பௌர்ணமியன்று அந்தப் புள்ளி நிலாவின் நடுவில் இருக்கும், அஷ்டமியன்று சூரியன் இருக்கும் பக்கமாக நகர்ந்திருக்கும், அமாவாசை நெருங்க நெருங்க ஓரத்துக்குப் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், மொத்த வெளிச்சம் குறையவே குறையாது. வழவழப்பான கோளம் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைக்கும் சம அளவில் பிரித்து அனுப்பும் என்பது வடிவியல். அமாவாசைக்கு முந்தைய நாளும் பௌர்ணமி வெளிச்சமே கிடைக்கும். விழும் ஒளி முழுவதையும் திருப்பும் கண்ணாடி என்றால், இப்போதைய பௌர்ணமியைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். வளர்பிறை, தேய்பிறை என்று நாள் கணக்கு வைத்துக்கொள்ள வழியே இருந்திருக்காது. பிறை என்று ஒரு வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே நிலா கண்ணாடி இல்லை என்பதற்குப் போதுமான சாட்சி.

கண்ணாடிக் கட்சிக்கு நெடுங்கால வரலாறு உண்டு, சும்மா தள்ளிவிட முடியாது. நிலாவில் தெரியும் கறைகள் பூமியின் பெருங்கடல் அதில் பிரதிபலிப்பதால் வருபவை என்று கிளியார்க்கஸ் என்ற கிரேக்கர் சொன்னதாக, நிலாவின் முகத்தைப் பற்றிய தன் நூலில் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பாட்டிகள் அங்கே முயலைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். ஆனால் கண்ணாடிக்குள் தெரியும் பிம்பம் நாம் நகர்ந்தால் தானும் நகரும், பூமி சுழலச் சுழல மாறும். அந்தக் கறைகளோ எந்த ஊரிலிருந்து எந்த நூற்றாண்டில் பார்த்தாலும் அதே இடத்தில் இருக்கின்றன. அவை நிலாவின் தரைக்கே சொந்தமானவை என்பதற்கு இது போதும். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் நிலாவின் ஒளியைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதி, கண்ணாடி போல எதிரொளித்தால் இப்படித் தெரியாது, நிலாவின் ஒளி படும் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசையிலும் ஒளியை அனுப்புகிறது என்று வாதிட்டார். கலிலியோவுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பு! வழவழப்பான பரப்பு வானத்தில் இருந்தால் எப்படித் தெரியும் என்பதற்கு இன்று நம்மிடம் நேரடிச் சாட்சியே இருக்கிறது. சனிக்கோளின் டைட்டன் துணைக்கோளில் ஓர் ஏரியின் மேல் பட்டு மின்னிய சூரியனை 2009 ஜூலையில் காசினி விண்கலம் படமெடுத்தது. திரவப் பரப்பு, ஒரே இடத்தில் சின்னதாக ஒரு பளபளப்பு. அப்படி ஒரு மினுக்கல் நம் நிலாவில் எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

இங்கே கவனமான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார், தூக்க வேண்டும். சுவரும் நிலாவும் ஒளியை எல்லாப் பக்கமும் இறைக்கின்றன என்றால், படுகோணம் எதிரொளிப்புக் கோணத்துக்குச் சமம் என்ற விதி அங்கே செல்லாதா? செல்லும். பாடநூலில் 'ஒழுங்கற்ற எதிரொளிப்பு' என்று போட்டிருப்பதால் அங்கே விதியே இல்லை என்று தோன்றுகிறது. எனக்கு அந்தப் பெயர்மேல் கொஞ்சம் வருத்தம்தான். சொரசொரப்பான பரப்பில் ஒவ்வொரு சின்னஞ்சிறு இடமும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கேற்ற செங்குத்துக்கோடு உண்டு. கதிர்கள் இணையாக வந்தாலும், ஒவ்வொன்றும் தன் இடத்துச் செங்குத்துக்கோட்டை வைத்து விதியை மீறாமல்தான் திரும்புகிறது. ஒழுங்கற்றது தரை, ஒளி இல்லை. ஆனால் இந்தப் படமும் முக்கால்வாசி உண்மையே. சொரசொரப்புதான் ஒரே காரணம் என்றால், சாக்பீஸைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினால் அது கண்ணாடியாக வேண்டும். ஆவதில்லை, வெள்ளையாகவே இருக்கிறது. காரணம், ஒளி மேற்பரப்போடு நிற்பதில்லை. சாக்பீஸ், உப்பு, பால் போன்றவற்றில் அது துகள்களுக்குள் நுழைந்து, விலகல் அடைந்து, அடுத்த துகளில் மோதி, உள்ளேயே அலைந்து திரிந்துவிட்டு ஏதோ ஒரு திசையில் வெளியே வருகிறது. அதற்கு வந்த வழி மறந்துபோய்விடும். இதை நடுநிலைப் பள்ளியில் விரிவாக நடத்த வேண்டாம், ஒரு வரியாவது சொல்லலாம். மழை பெய்த இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வகை எதிரொளிப்பின் வித்தியாசமும் நன்றாகத் தெரியும். காய்ந்த தார்ச்சாலை முகப்பு விளக்கின் ஒளியை எல்லாப் பக்கமும் இறைப்பதால் ஒரு பகுதி ஓட்டுபவரிடமே திரும்பி வருகிறது, சாலை தெரிகிறது. மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதும் சாலை பாதிக் கண்ணாடி. நம் விளக்கின் ஒளி முன்னோக்கிச் சறுக்கிப் போய்விடுகிறது, சாலை இருண்டுவிடுகிறது. எதிரே வருபவரின் விளக்கோ சாலையில் பட்டு நம் கண்ணைக் கூசவைக்கிறது.

நிலாவின் தரை எவ்வளவு சொரசொரப்பு என்பதையும் ஒளி நேர்கோட்டில் போகிறது என்ற ஒரே உண்மையை வைத்துக் கலிலியோ அளந்தார். 1610 மார்ச்சில் வெனிஸில் வெளியான சிறு நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. அரைநிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டைத் தொலைநோக்கியில் பார்த்தால், இருட்டுப் பக்கத்தில் தனித்தனியாக ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. அவை மலை உச்சிகள். அடிவாரத்தில் இன்னும் விடியவில்லை, உச்சியில் வெயில் பட்டுவிட்டது. எல்லைக்கோட்டிலிருந்து அந்த உச்சி நிலா விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரம் தள்ளி இருப்பதைக் கண்டார். அன்று தெரிந்த கணக்குப்படி விட்டம் 2,000 இத்தாலிய மைல், எனவே ஆரம் 1,000, தூரம் 100. எல்லைக்கோட்டில் தரையைத் தொட்டபடி போகும் கதிர் நேராகச் சென்று உச்சியில் படுகிறது. ஆரமும் அந்தக் கதிரும் செங்கோணம். பித்தாகரஸ் தேற்றப்படி 1,000இன் வர்க்கமும் 100இன் வர்க்கமும் சேர்ந்தால் 10,10,000. அதன் வர்க்கமூலம் 1,005க்குச் சற்றுக் கீழே. அப்படியானால் மலையின் உயரம் 4 மைலுக்கு மேல். எட்டாம் வகுப்பு கணிதம், ஒரு நேர்கோடு, அவ்வளவுதான்.

இனி என் தரப்புக்கு எதிரான மிக வலுவான மறுப்பு. நிலா சுவர் போன்றது என்றால், அது வெள்ளையடித்த உருண்டை போலத் தெரிய வேண்டும். வெள்ளையடித்த உருண்டையின்மேல் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்தால் நடுப்பகுதி பளிச்சென்றும், ஒளி சாய்ந்து விழும் ஓரங்கள் மங்கியும் தெரியும். பௌர்ணமி நிலாவைப் பாருங்கள். ஓரம் மங்கவில்லை, விளிம்பு வரை ஏறக்குறைய ஒரே வெளிச்சம், தட்டையான தட்டு போல இருக்கிறது. அப்படியானால் சுவர்க் கட்சியும் தோற்றதா? இன்னோர் அளவையும் சேர்த்துக்கொள்வோம். அரைநிலாவுக்குப் பௌர்ணமி வெளிச்சத்தில் எவ்வளவு இருக்க வேண்டும்? பாதி என்று நினைப்போம். கண்ணாடி உருண்டை என்றால் முழு அளவும் இருக்கும் என்று மேலே பார்த்தோம். வெள்ளையடித்த உருண்டை என்றால், கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு. நிஜ நிலாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கண்ணாடியிலிருந்து விலகிய திசையில் சுவரையும் தாண்டிப் போய்விட்டது நிலா! காரணம் நிழல். நிலாத் தரை முழுக்கப் பாறைகளும் குழிகளும், அவற்றின்மேல் காற்றோ மழையோ தொடாத நுண்துகள் மண்ணும். வெயில் பக்கவாட்டில் விழும் அரைநிலா நாளில் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளின்மேல் நிழல் போடுகிறது. நாம் பார்ப்பது வெளிச்சமும் நிழலும் கலந்த பரப்பு. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு நிழலும் தன்னைப் போட்ட பொருளுக்கே பின்னால் ஒளிந்துகொள்கிறது, நமக்கு வெளிச்சமான முகங்கள் மட்டும் தெரிகின்றன. ஓரங்களிலும் அதே கதை என்பதால் அங்கேயும் மங்கல் இல்லை. அந்த மறுப்பு என் கட்சியைத் தோற்கடிக்கவில்லை. நிலாத் தரை சுவரைவிட மோசமான சொரசொரப்பு என்று கூடுதல் ஆதாரம் தந்துவிட்டுப் போகிறது.

இவ்வளவு வெண்மையாக ஒளிரும் பொருளைப் பற்றிப் பேசும்போது அதன் நிறத்தையும் சொல்லிவிட வேண்டும், யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். நிலா தன்மேல் விழும் ஒளியில் சராசரியாக 12 சதவீதம் அளவே திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் அளவு. பூமி ஏறத்தாழ 30 சதவீதம் அனுப்புகிறது. இரவு வானத்தின் கறுப்புக்கு முன்னால் வைத்துப் பார்ப்பதால்தான் அந்தச் சாம்பல் நிறம் நமக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. 2015 ஜூலையில் டிஸ்கவர் விண்கலம் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படங்களில் நிலா பூமிக்கு முன்னால் கடந்துபோகிறது. இரண்டின்மேலும் ஒரே சூரியன். பூமிக்குப் பக்கத்தில் நிலா அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. நிலாவின் வெளிர்ந்த மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறை, கறைகளாகத் தெரிபவை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அந்த அனார்த்தோசைட் வகை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கிறது. சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ அங்கிருந்து கொண்டுபோன பாறையைப் பொடித்துத்தான் நிலா மண்ணுக்கு மாற்று மண் செய்தது.

ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடிய மறுப்பு ஒன்று பாக்கி. இதெல்லாம் சரி, ஆனால் வகுப்பறையில் ஒரு கண்ணாடித் துண்டும் நாலு குண்டூசியும் இருந்தால் விதியை அளந்தே காட்டிவிடலாம், நிலாவில் எதை அளப்பது? நியாயமான கேள்வி. அளவை என்று வந்தால் கண்ணாடியை விஞ்ச எதுவும் இல்லை, அந்தச் சோதனையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். நாம் பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை பிறவற்றின் ஒளியை இறைப்பதால் தெரிபவை: புத்தகம், கரும்பலகை, எதிரே இருப்பவர் முகம். கண்ணாடி விதிவிலக்கு. விதிவிலக்கை முதல் பாடமாக வைத்தால், பொருள்கள் ஏன் தெரிகின்றன என்ற அடிப்படைக் கேள்விக்கே பிள்ளைகள் வராமல் போகிறார்கள். நிலாவில் தொடங்கி, இந்த ஒளி ஏன் எல்லா ஊரிலும் தெரிகிறது என்று கேட்டுவிட்டு, பிறகு குண்டூசிச் சோதனைக்குப் போனால், கண்ணாடி எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது சேர்ந்தே புரியும்.

அந்தச் சோதனையைப் படித்தபிறகு நிலாவுக்கே திரும்பிப் போகவும் முடியும். ஏனென்றால் இப்போது அங்கே நிஜமாகவே கண்ணாடிகள் இருக்கின்றன. 1969 ஜூலையில் அப்போலோ 11 குழு ஒரு தட்டில் 100 எதிரொளிப்பான்களை வைத்துவிட்டு வந்தது. அப்போலோ 14 இன்னும் 100, அப்போலோ 15 முந்நூறு. சாதாரணத் தட்டைக் கண்ணாடியை வைத்திருந்தால் பயன் இல்லை. படுகோணம் எவ்வளவோ அவ்வளவே எதிரொளிப்புக் கோணம் என்பதால், இம்மியளவு சாய்ந்தாலும் இங்கிருந்து அனுப்பிய லேசர் கதிர் பூமியைத் தொடாமல் எங்கோ போய்விடும். ஆகவே அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திப்பதுபோல, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் மூன்று எதிரொளிப்புத் தளங்கள். இரண்டு தளங்களை வைத்து நோட்டில் வரைந்து பாருங்கள். படுகோணம் 30 பாகை என்றால் முதல் தளம் கதிரை 120 பாகை திருப்பும். அடுத்ததில் படுகோணம் 60, அது 60 பாகை திருப்பும். கூட்டினால் 180, வந்த வழியே திரும்பிவிட்டது. 30க்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. இப்படித் திரும்பி வரும் ஒளி போய் வர எடுக்கும் இரண்டரை விநாடியை நுட்பமாக அளந்துதான், நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்று கண்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலத்திலும் நாசா கொடுத்த அப்படிப்பட்ட ஒன்று உண்டு, ஐந்து சென்டிமீட்டர் அகலம், எட்டு மூலைப் பட்டகங்கள். அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, விக்ரமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் பறந்துகொண்டிருந்த நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் அதை நோக்கி லேசரை அடித்தது. ஒளி திரும்பி வந்தது.